இந்தியன் சூப்பர் லீக் வீரர் தெரிவு

இந்தியன் சூப்பர் லீக் வீரர் தெரிவு என்பது இந்தியாவின் தொழில்முறைக் காற்பந்துத் தொடரான இந்தியன் சூப்பர் லீக்கில் பங்குபற்றிய அணிகள், இந்திய வீரர்களைச் சுற்று முறையில் ஒருவர் பின் ஒருவராகத் தெரிந்தெடுத்துக்கொண்ட நிகழ்வாகும். ஆங்கில வழக்கை ஒட்டி இது தமிழ் நாளிதழ்களில் டிராஃப்ட் என்றும் குறிக்கப்படுகிறது. இம்முறை 2014 ஆம் ஆண்டு தொடரின் தொடக்கத்துடன் அறிமுகமானது. 2015 இல் ஏலத்துடன் இணைத்து நடத்தப்பட்டது. 2017 ஜூலை 23 அன்று மும்பையில் நடைபெற்றதே கடைசித் தெரிவாகும். அதன் பின்னர் அணிகள் வீரர்களுடன் நேரடியாக ஒப்பந்தம் செய்துகொள்கின்றன.

அணிகளுக்கிடையே சமநிலையை உண்டாக்குவது இம்முறையின் நோக்கமாக இருந்தது. எனினும் ஒரு வீரர் எந்த ஊருக்கு ஆடுவார் என்பதை அவருடைய ஊரோ விருப்பமோ அன்றிச் சுற்று வரிசை தீர்மானித்தது. இதனால் சென்னை போன்ற நகரங்களில், உள்ளூர் அணியில் உள்ளூர் வீரர்களின் இடம் குறித்த விவாதம் இரசிகர்களிடையே நிலவி வருகிறது.

தோற்றம்

வீரர் தெரிவு முறை அமெரிக்காவில் தோன்றியது. அமெரிக்கக் காற்பந்தாட்டத்தின் தேசியக் காற்பந்துக் கூட்டிணைவில் (என்.எஃப்.எல்) 1930களில் செல்வம் மிக்க சில அணிகளே சிறந்த பல்கலைக்கழக வீரர்களைத் தொடர்ந்து கவர்ந்துவந்தன. பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளரான பெர்ட் பெல், முந்தைய பருவத்தில் கடைசி இடம் பெற்ற அணியே அடுத்த ஆண்டு முதலாவதாகத் தெரிவு செய்யவேண்டும் என 1935 இல் முன்மொழிந்தார். இதன்படி முதல் தெரிவு 1936 பெப்ரவரியில் பிலடெல்பியாவில் நடைபெற்றது. அதில் முதலாவதாகத் தெரிவான ஜே பெர்வாங்கர் தொழில்முறை ஆட்டம் ஒன்றிலும் ஆடவில்லை. வேறு தொழிலை அவர் தெரிந்துகொண்டார்.

ஒரு வீரரின் எதிர்காலத்தை முன்கூட்டியே மதிப்பிடுவது எத்துணை கடினம் என்பதற்கு அத்தெரிவின் பிற்கால வரலாறும் சான்றாக உள்ளது. 2000 ஆம் ஆண்டில் ஆறாம் சுற்றில் 199 ஆவதாகத் தெரிவு செய்யப்பட்ட டாம் பிரேடி ஏழு முறை சூப்பர் பவுல் வென்ற அணிகளில் ஆடினார். மாறாக 2007 இல் முதலாவதாகத் தெரிவான ஜமார்கஸ் ரசல் மூன்று பருவங்களே கூட்டிணைவில் நீடித்தார். இந்நிச்சயமின்மையே தெரிவை இரசிகர்களின் விருப்பத்திற்குரிய விவாதப் பொருளாக ஆக்கியது. எவர் தேறுவார், எவரை விடலாம் என்பதைக் கணிப்பதில் பயிற்றுநருக்கும் பார்வையாளருக்கும் இடையேயான தொலைவு இங்கு குறைவாகவே உள்ளது.

இம்முறை அமெரிக்காவில் நிலைபெற்றதற்கு இரு காரணங்கள் உண்டு. முதலாவது, அங்கு வீரர்களைப் பயிற்றுவிப்பவை பெரும்பாலும் பள்ளிகளும் பல்கலைக்கழகங்களுமே அன்றித் தொழில்முறை அணிகள் அல்ல. இரண்டாவது, அங்கு கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்படும் முறை இல்லை. எனவே கடைசி இடம் பெற்ற அணி தண்டிக்கப்படுவதற்குப் பதிலாக முதல் தெரிவு உரிமையைப் பரிசாகப் பெறுகிறது. இதனைப் பயன்படுத்தி அணிகள் வேண்டுமென்றே தோற்பதைக் குறைக்கும் பொருட்டு, தேசியக் கூடைப்பந்துச் சங்கம் (என்.பி.ஏ) 1985 இல் முதல் தெரிவு உரிமைக்குச் சீட்டுக் குலுக்கலைக் கொண்டுவந்தது. 2015 ஆம் ஆண்டு அச்சங்கத்தின் தெரிவில் 52 ஆவதாக டாலஸ் மேவரிக்ஸ் அணியால் எடுக்கப்பட்ட பஞ்சாபைச் சேர்ந்த சத்னாம் சிங், அவ்வாறு தெரிவான முதல் இந்தியர் ஆவார்.

ஐரோப்பியக் காற்பந்தாட்டத்தில் இம்முறை இல்லை. அங்கு கழகங்கள் தம் இளையோர் பயிற்சிப் பள்ளிகளில் வீரர்களைச் சிறுவயதிலிருந்தே வளர்க்கின்றன. வளர்ந்த வீரர் வேறு கழகத்திற்கு மாறும்போது மாற்றுக் கட்டணம் கிடைக்கிறது. அக்கட்டணத்தில் 5 விழுக்காடு வரை வீரரை இளமையில் பயிற்றுவித்த கழகங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படவேண்டும் என்பது பன்னாட்டுக் காற்பந்துச் சங்கங்களின் கூட்டமைப்பின் (ஃபிஃபா) விதியாகும்.

தெரிவு, ஏலம், நேரடி ஒப்பந்தம்

வீரர்களை அணிகளுக்குப் பங்கிடுவதற்கு மூன்று முறைகள் வழக்கில் உள்ளன.

தெரிவு முறையில் வீரரின் ஊதியம் பெரும்பாலும் முன்னரே வரையறுக்கப்பட்டிருக்கும். அணிகள் பணத்தால் அன்றி முறை வரிசையால் போட்டியிடுகின்றன. ஏல முறையில் அடிப்படை விலையிலிருந்து கேட்பு உயர்கிறது; அதிகம் கேட்பவருக்கு வீரர் கிடைக்கிறார். நேரடி ஒப்பந்தத்தில் வீரரும் கழகமும் பேசி உடன்படுகின்றனர். முதல் இரண்டிலும் வீரருக்குத் தாம் ஆடப்போகும் அணியைத் தெரிந்துகொள்ளும் உரிமை இல்லை. மூன்றாவதில் அவ்வுரிமை உண்டு. ஆனால் செல்வமுள்ள கழகத்தின் கை ஓங்கிவிடுகிறது. இதனைக் கட்டுப்படுத்தவே ஊதிய உச்சவரம்பு விதிக்கப்படுகிறது.

தமிழ்நாட்டில் இவ்வேறுபாடு துடுப்பாட்டத்தின் வழியாகவே பலருக்கும் அறிமுகமானது. இந்தியன் பிரீமியர் லீக்கின் முதல் ஏலம் 2008 பெப்ரவரி 20 அன்று நடைபெற்றது. அதில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி மகேந்திரசிங் தோனியை 15 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அதே ஆண்டு 19 வயதுக்குட்பட்டோர் அணி வீரர்கள் மட்டும் ஏலத்திற்கு அன்றித் தெரிவுக்கு உட்படுத்தப்பட்டனர். அதில் டெல்லி அணி தன் ஊரைச் சேர்ந்த விராட் கோலியை விடுத்து வேகப் பந்துவீச்சாளர் பிரதீப் சங்வானை எடுத்தது. கோலி பெங்களூர் அணிக்குச் சென்றார். தேவையை முன்னிட்டுச் செய்யப்படும் தெரிவு பிற்காலத்தில் எவ்வாறு தோன்றும் என்பதற்கு இந்நிகழ்வு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது.

2016 இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக்கும் முதலில் தெரிவு முறையையே கையாண்டது. 2023 பெப்ரவரியில் மாமல்லபுரத்தில் அத்தொடரின் முதல் ஏலம் நடைபெற்றது. அதில் லைகா கோவை கிங்ஸ் அணி சாய் சுதர்சனை 21.6 இலட்சம் ரூபாய்க்கு எடுத்தது. அவ்வாண்டு அவ்வணியே கிண்ணத்தை வென்றது.

இந்தியன் சூப்பர் லீக்கில் நடைபெற்ற தெரிவுகள்

2014

இந்தியன் சூப்பர் லீக் எட்டு அணிகளுடன் 2014 அக்டோபரில் தொடங்கியது. அணிகள் அனைத்தும் புதியவை. அவற்றுக்கென வீரர்களோ பயிற்சிப் பள்ளிகளோ இல்லை. இந்திய வீரர்கள் பலரும் ஐ-லீக் கழகங்களுடன் ஒப்பந்தத்தில் இருந்தனர். சிலர் இரவல் அடிப்படையிலும், சிலர் தொடரின் அமைப்பாளர்களுடன் நேரடியாகச் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வழியும் பொதுத் தொகுப்பில் சேர்க்கப்பட்டனர். இத்தொகுப்பிலிருந்து அணிகள் தெரிவு செய்யும் நிகழ்வு 2014 ஜூலையில் மும்பையில் நடைபெற்றது. வெளிநாட்டு வீரர்களுக்கான தெரிவு அடுத்த மாதம் தனியே நடைபெற்றது.

சென்னை அணியின் உரிமை 2014 ஆகத்து மாதத்திலேயே முடிவானது. எனவே இந்திய வீரர்களுக்கான தெரிவு நடந்தபோது சென்னையின் எஃப்சி என்னும் கழகம் உருவாகியிருக்கவில்லை. பின்னர் அபிசேக் பச்சன், வீட்டா டானி, மகேந்திரசிங் தோனி ஆகியோர் அதன் உரிமையாளர்கள் ஆயினர்.

2015

இரண்டாம் பருவத்திற்கு முன், 2015 ஜூலை 10 அன்று மும்பையில் தேசிய அணியைச் சார்ந்த 10 வீரர்களுக்கு ஏலமும், ஏனையோருக்குத் தெரிவும் நடைபெற்றன. ஏலத்தில் சுனில் சேத்திரியை மும்பை சிட்டி 1.2 கோடி ரூபாய்க்கும், யூஜின்சன் லிங்டோவை எஃப்சி புனே சிட்டி 1.05 கோடி ரூபாய்க்கும் எடுத்தன. சென்னையின் எஃப்சி, மணிப்பூரைச் சேர்ந்த நடுக்கள வீரர் தொய் சிங்கை 86 இலட்சம் ரூபாய்க்கும், பஞ்சாபைச் சேர்ந்த பந்துக்காப்பாளர் கரண்ஜித் சிங்கை 60 இலட்சம் ரூபாய்க்கும் பெற்றது. பத்து வீரர்களின் மொத்த விலை 7.22 கோடி ரூபாய் ஆகும்.

2017

2017-18 பருவத்தில் பெங்களூரு எஃப்சி, ஜம்சேத்பூர் எஃப்சி ஆகிய இரண்டும் சேர்ந்து அணிகளின் எண்ணிக்கை பத்தாக உயர்ந்தது. அவ்வாண்டு முதல் இந்தியன் சூப்பர் லீக்கும் ஐ-லீக்கும் ஒரே காலத்தில் நடைபெற்றதால், ஒரு வீரர் இரண்டிலும் ஆட இயலாமற் போனது. ஆகவே இத்தெரிவு முன்னையவற்றைவிட முக்கியத்துவம் பெற்றது.

ஒவ்வோர் அணியும் மூத்த இந்திய வீரர்களில் இருவரையும் 21 வயதுக்குட்பட்டோரில் மூவரையும் வரை தக்கவைத்துக்கொள்ளலாம். மூத்த வீரர்களைத் தக்கவைத்த அணிகள் தொடக்கச் சுற்றுகளின் வாய்ப்பை விட்டுக்கொடுத்தன. புதிய அணியான ஜம்சேத்பூர் முதலாவதாக நடுப் பின்கள வீரர் அனஸ் எடத்தொடிகாவை எடுத்தது. அவருக்கும், ஏடிகே அணி எடுத்த யூஜின்சன் லிங்டோவுக்கும் வரையறுக்கப்பட்டிருந்த 1.10 கோடி ரூபாயே அத்தெரிவின் உயர்ந்த தொகையாகும்.

சென்னையின் எஃப்சி அணித் தேர்வுகள்

சென்னையின் எஃப்சியின் முதல் ஆறு பருவங்கள், அணியமைப்பு முடிவுகளின் விளைவை ஆராய்வதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். இக்காலத்தில் அவ்வணி இரு முறை வாகையர் ஆனது; ஒரு முறை இறுதியாட்டத்தில் தோற்றது; ஒரு முறை கடைசி இடத்திற்குத் தள்ளப்பட்டது.

2014 இல் மார்க்கோ மற்றெராசியின் கீழ் குழுநிலைப் புள்ளிப்பட்டியலில் முதலிடம் பெற்ற அணி, அரையிறுதியில் கேரளா பிளாஸ்டர்சிடம் தோற்றது. 2015 இல் பருவத்தின் நடுவில் பின்தங்கியிருந்தும் மீண்டெழுந்தது. டிசம்பர் மாதச் சென்னைப் பெருவெள்ளத்தால் தன் சொந்த அரையிறுதியைப் புனேயில் ஆட நேர்ந்தது. 2015 டிசம்பர் 20 அன்று கோவாவில் நடைபெற்ற இறுதியாட்டத்தில் எஃப்சி கோவாவை 3-2 என வென்றது. அவ்விறுதியாட்டத்தில் பந்துக்காப்பாளராக நின்றவர் அப்பூலா எடல் ஆவார். 60 இலட்சம் ரூபாய்க்கு ஏலத்தில் எடுக்கப்பட்ட கரண்ஜித் சிங் அன்று ஆடவில்லை.

2016 இல் அணி ஏழாம் இடம் பெற்றது. அப்பருவத்தில் மிசோரமைச் சேர்ந்த இடப்புறப் பின்கள வீரர் ஜெரி லால்ரின்சுவாலா தொடரின் வளர்ந்துவரும் வீரர் விருதைப் பெற்றார். டேராடூனைச் சேர்ந்த அனிருத் தாபாவும் அவ்வாண்டு அணியில் சேர்ந்தார்.

2017 தெரிவுக்கு முன் சென்னையின் எஃப்சி, முன்கள வீரர் ஜேஜே லால்பெக்லுவாவையும் கரண்ஜித் சிங்கையும் தக்கவைத்தது. இளையோரில் லால்ரின்சுவாலாவும் தாபாவும் அணியில் நீடித்தனர். தொய் சிங், பிக்ரம்ஜித் சிங், ஜெர்மன்பிரீத் சிங், பிரான்சிசு பெர்னாண்டசு, முகமது ராஃபி, தன்பால் கணேசு முதலியோர் அப்பருவத்திற்கான அணியில் இடம்பெற்றனர். புதிய பயிற்றுநர் ஜான் கிரகரியின் கீழ் கரண்ஜித் சிங் முதன்மைப் பந்துக்காப்பாளர் ஆனார். 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு சிறீ கண்டீரவா அரங்கில் பெங்களூரு எஃப்சியை 3-2 என வென்று அணி இரண்டாம் முறை வாகையர் ஆனது. மெயில்சன் ஆல்வெசு இரு கோல்களையும் இரஃபேல் அகுசுதோ ஒரு கோலையும் அடித்தனர். 2015 ஏலத்தில் செய்த செலவின் பயன் இவ்வாறு மூன்றாம் ஆண்டில் முழுமையாக வெளிப்பட்டது.

அடுத்த பருவத்தில் நிலை தலைகீழானது. அணித்தலைவர் என்றிக்கே செரேனோ விலகினார். தன்பால் கணேசு முழங்கால் காயத்தால் ஆட இயலவில்லை. முந்தைய பருவத்தில் 9 கோல்கள் அடித்த ஜேஜே, 2018-19 தொடரில் ஒரு கோல் மட்டுமே அடித்தார். 18 ஆட்டங்களில் 2 வெற்றி, 3 சமநிலை, 13 தோல்வி என 9 புள்ளிகளுடன் வாகையர் அணி கடைசி இடம் பெற்றது. வென்ற அணியை அப்படியே வைத்துக்கொள்வதா, புதுப்பிப்பதா என்னும் வினா அப்பருவத்தில் சென்னை இரசிகர்களிடையே பெரிதும் பேசப்பட்டது.

2019-20 இல் பருவத்தின் நடுவில் ஓவன் கோயில் பயிற்றுநராகப் பொறுப்பேற்றார். கீழ்நிலையில் இருந்த அணி நான்காம் இடத்திற்கு உயர்ந்து இறுதியாட்டத்தை எட்டியது. லித்துவேனிய வீரர் நெரியசு வல்சுகிசு 15 கோல்கள் அடித்தார். கொரோனா தொற்றுக் காரணமாகப் பார்வையாளர் இன்றி 2020 மார்ச் 14 அன்று கோவாவில் நடைபெற்ற இறுதியாட்டத்தில் ஏடிகே 3-1 என வென்றது. அடுத்த பருவத்தில் கோயிலும் வல்சுகிசும் ஜம்சேத்பூர் அணிக்குச் சென்றனர்.

தமிழக வீரர்கள்

தமிழ்நாட்டில் காற்பந்தாட்டம் வட சென்னை, கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊர்கள், கோயம்புத்தூர், திருச்சிராப்பள்ளி முதலிய பகுதிகளில் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. இப்பகுதிகளிலிருந்து வந்த வீரர்கள் எந்த அணிகளுக்குச் சென்றனர் என்பது தெரிவு முறையின் தன்மையைக் காட்டுகிறது.

வட சென்னை வியாசர்பாடியைச் சேர்ந்த தன்பால் கணேசு, சென்னையின் எஃப்சியின் 2017-18 வெற்றியில் பங்குகொண்ட நடுக்கள வீரர் ஆவார். 2018 மார்ச் 13 அன்று சென்னை நேரு விளையாட்டரங்கில் எஃப்சி கோவாவுக்கு எதிராக நடைபெற்ற இரண்டாம் அரையிறுதியில் சென்னை 3-0 என வென்றது. அவற்றுள் ஒரு கோலைத் தலையால் முட்டி அடித்தவர் கணேசு. அரங்கிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவில் பிறந்து வளர்ந்த ஒருவர் அணியை இறுதியாட்டத்திற்கு இட்டுச்சென்ற அந்நிகழ்வு, உள்ளூர் வீரர்களுக்காக வாதிடுவோர் முதலில் சுட்டும் எடுத்துக்காட்டாகும்.

ஏனையோர் பெரும்பாலும் வேறு நகரங்களுக்கே ஆடினர். திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த பின்கள வீரர் தர்மராஜ் இராவணன் தொடரின் முதல் பருவங்களில் எஃப்சி புனே சிட்டி அணியில் இருந்தார். சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர் 2017-18 பருவத்தில் டெல்லி டைனமோசு அணியில் சேர்ந்தார். அக்கழகம் புவனேசுவரத்திற்கு இடம்பெயர்ந்து ஒடிசா எஃப்சி ஆனபோதும் அதனுடன் தொடர்ந்தார். பின்னர் ஈசுட்டு பெங்கால் கழகத்திற்குச் சென்ற அவர், 2023 ஆகத்து 12 அன்று தூரந்த் கிண்ணத்தில் மோகன் பாகானுக்கு எதிரான ஆட்டத்தின் ஒரே கோலை அடித்தார். கன்னியாகுமரி மாவட்டம் இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ் 2018 இல் ஜம்சேத்பூருக்கும் 2019 இல் ஏடிகேக்கும் சென்றார். சென்னையின் எஃப்சி 2020 இறுதியாட்டத்தில் தோற்றது அவர் அங்கம் வகித்த ஏடிகேயிடமே ஆகும். சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்த சிவசக்தி நாராயணன் பெங்களூரு எஃப்சிக்காக ஆடி 2022-23 பருவத்தின் வளர்ந்துவரும் வீரர் விருதைப் பெற்றார்.

நந்தகுமார், சூசைராஜ் ஆகிய இருவரும் முன்னர் சென்னை சிட்டி எஃப்சியில் ஆடியவர்கள். கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கைத் தளமாகக் கொண்டிருந்த அக்கழகம், தெரிவு முறைக்கு வெளியே ஐ-லீக்கில் இயங்கியது. தமிழக வீரர்களுடன் எசுப்பானியத்திலிருந்து சிலரைச் சேர்த்துக்கொண்டு, சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாசின் பயிற்சியில் ஆடியது. 2019 மார்ச் 9 அன்று கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என வென்று 43 புள்ளிகளுடன் 2018-19 ஐ-லீக் வாகையர் ஆனது. இரண்டாம் இடம் பெற்ற ஈசுட்டு பெங்கால் ஒரு புள்ளியே பின்தங்கியது. சென்னையின் எஃப்சி கடைசி இடம் பெற்றதும் இதே பருவத்தில்தான். வாகையர் அணியில் ஆடிய எட்வின் சிட்னி வன்சுபால் 2019 இல் சென்னையின் எஃப்சியில் சேர்ந்தார். அக்காலத்தில் ஐ-லீக் வெற்றியாளருக்குச் சூப்பர் லீக்கில் இடம் வழங்கும் விதி இல்லாததால் சென்னை சிட்டி எஃப்சிக்கு அடுத்த நிலைக்கு உயர வழி இருக்கவில்லை.

இரசிகர்களின் மதிப்பீட்டு முறை

சென்னையின் எஃப்சிக்கு பி ஸ்டாண்ட் புளூஸ், சூப்பர் மச்சான்ஸ் முதலிய இரசிகர் குழுக்கள் உள்ளன. அணியமைப்புக் குறித்த இரசிகர் விவாதங்கள் பொதுவாகப் பின்வரும் வினாக்களை மையமாகக் கொண்டவை.

ஆடும் நிலை: களத்தில் ஒரே நேரத்தில் இருக்கக்கூடிய வெளிநாட்டு வீரர்களின் எண்ணிக்கை 2014 இல் ஆறு, 2017-18 முதல் ஐந்து, 2021-22 முதல் நான்கு எனக் குறைக்கப்பட்டது. அணிகள் வெளிநாட்டவரைப் பெரும்பாலும் நடுப் பின்களம், நடுக்களம், முன்களம் ஆகிய முதுகெலும்பு நிலைகளில் நிறுத்துகின்றன. பந்துக்காப்பு, பக்கப் பின்களம், சிறகு நிலைகள் இந்தியருக்கு விடப்படுகின்றன. இதனால் தரமான இந்திய நடுப் பின்கள வீரரும் முன்கள வீரரும் அரியவர் ஆயினர். 2017 இல் முதல் தெரிவாக ஒரு நடுப் பின்கள வீரர் எடுக்கப்பட்டதும், சென்னை தன் இரு இடங்களில் ஒன்றை ஜேஜேக்கு ஒதுக்கியதும் இவ்வகையில் விளங்கிக்கொள்ளத்தக்கவை.

வயதும் ஆடிய நேரமும்: 20 வயதில் முழுப் பருவமும் ஆடிய வீரர், அதே வயதில் இருக்கையில் அமர்ந்திருந்த பெயர்பெற்ற வீரரைவிட நம்பத்தகுந்தவர் எனக் கருதப்படுகிறார். தாபா 2016 முதல் 2023 வரை சென்னையில் நீடித்து அணித்தலைவராகவும் ஆனது, இளையோரைத் தக்கவைப்பதன் பயனுக்குச் சான்றாகும்.

காயமும் மாற்று வீரரும்: ஒருவரை மட்டும் நம்பிய நிலையில் அவர் காயமடைந்தால் அணி முழுவதும் தடுமாறுகிறது. எனவே முதற் பதினொருவரின் தரத்துடன் பன்னிரண்டாமவர் முதல் பதினெட்டாமவர் வரையானோரின் தரமும் கணக்கிடப்படவேண்டும்.

ஊர்: உள்ளூர் வீரருக்கு முன்னுரிமை வேண்டும் என்போர், அரங்கிற்கு மக்களை ஈர்ப்பதும் சிறுவர்களுக்கு முன்மாதிரி அளிப்பதும் அவரே என்கின்றனர். மறுதரப்பினர், தரத்தில் குறைந்தவரை ஊர் கருதிச் சேர்ப்பது அவருக்கும் அணிக்கும் தீங்காகும் என்கின்றனர்.

இவ்விவாதங்களில் காணப்படும் பொதுவான பிழை, விளைவை அறிந்த பின் முடிவை எடைபோடுவதாகும். கரண்ஜித் சிங்கின் விலை 2015 இறுதியில் வீண்செலவாகத் தோன்றியிருக்கக்கூடும். 2018 இல் அது சிக்கனமாகத் தோன்றியது. முடிவு ஒன்றே, அதை அளந்த நாள் மட்டுமே வேறு.

நிறைகளும் குறைகளும்

தெரிவு முறையின் நிறைகளாகக் கூறப்படுபவை: புதிய அணிகள் அனைத்தும் ஏறத்தாழச் சம வலிமையுடன் தொடங்கின, ஊதியம் முன்னரே தெரிந்ததால் வீரர்களுக்கு உறுதியான வருவாய் கிடைத்தது, வடகிழக்கு மாநிலங்களைச் சேர்ந்த வீரர்கள் நாடெங்கும் அறிமுகமாயினர். மிசோரமைச் சேர்ந்த ஜேஜேயைச் சென்னை இரசிகர்கள் தம் ஊரவராகவே ஏற்றுக்கொண்டது இதன் விளைவாகும்.

குறைகளாகக் கூறப்படுபவை: வீரருக்குத் தம் பணியிடத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமை இல்லை, தெரிவாகாதவர் அப்பருவத்தில் வாய்ப்பின்றி நிற்க நேர்ந்தது, பொதுத் தொகுப்பிலிருந்து ஆயத்தமான வீரர் கிடைத்ததால் இளையோரை வளர்க்கும் தேவை கழகங்களுக்கு உடனடியாக எழவில்லை. இறுதிக் குறையே மிகப் பெரியது எனலாம். பங்கிடும் முறை எதுவாயினும் அது இருக்கும் வீரர்களைப் பகிர்ந்தளிக்க மட்டுமே வல்லது, புதியவர்களை உருவாக்காது.

தெரிவு முறைக்குப் பின்

2017க்குப் பின் அணிகள் ஊதிய உச்சவரம்பிற்கு உட்பட்டு வீரர்களுடன் நேரடியாகவும், மாற்றுக் கட்டணம் செலுத்தியும் ஒப்பந்தம் செய்கின்றன. பல ஆண்டு ஒப்பந்தங்கள் வழக்கமாயின. 2022 இல் இளையோருக்கான ரிலையன்ஸ் பவுண்டேசன் மேம்பாட்டு லீக் தொடங்கப்பட்டது. 2022-23 ஐ-லீக்கை வென்ற பஞ்சாப் அணி, விளையாட்டுத் தகுதியால் சூப்பர் லீக்கிற்கு உயர்த்தப்பட்ட முதல் கழகம் ஆனது. அடுத்த ஆண்டு கொல்கத்தாவின் முகமதன் கழகமும் அவ்வாறே உயர்ந்தது. 2019 இல் சென்னை சிட்டி எஃப்சிக்கு இல்லாதிருந்த வழி இவ்வாறு திறந்தது.

வியாசர்பாடியிலோ இரவிபுத்தன்துறையிலோ ஆடும் சிறுவன் ஒருவன் சென்னை அணியின் சட்டையை அணிவது இப்போது சுற்று வரிசையைச் சார்ந்ததன்று. கழகம் அவனை எத்துணை விரைவில் கண்டறிந்து, எத்தனை ஆண்டுகள் பயிற்றுவிக்கிறது என்பதையே சார்ந்துள்ளது.

இவற்றையும் பார்க்க

சென்னையின் எஃப்சி
சென்னை சிட்டி எஃப்சி
ஐ-லீக்
தமிழ்நாடு பிரீமியர் லீக்
தூரந்த் கிண்ணம்